சொந்த லொறித் தொழில்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. 'கவர்ண்மென்ற்' என்னும் ஆங்கிலச் சொல் கிராமத்து நாவிற் பழகி 'கோறணமேந்து' ஆயிற்று. இப்பழமொழியை வெறும் கேலியாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆறுகள் இல்லாத நிலம். கிணற்று நீரை நம்பிய தோட்டம். பங்கிடப் பங்கிடச் சுருங்கும் காணி. இத்தகைய நாட்டிலே, மழை பெய்தாலும் பொய்த்தாலும் மாத முடிவிற் கைக்கு வரும் சம்பளம் ஒரு குடும்பத்துக்கு எத்துணைப் பெரிய ஆறுதல் என்பதை எளிதில் உணரலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் பாடசாலைகள் பரப்பிய ஆங்கிலக் கல்வி, எழுதுவினைஞர்களாகவும் ஆசிரியர்களாகவும் புகையிரத உத்தியோகத்தர்களாகவும் யாழ்ப்பாணத்து இளைஞரைத் தென்னிலங்கைக்கும் மலாயாவுக்கும் அனுப்பியது. அவர்கள் அனுப்பிய பணத்தால் வீடுகள் எழுந்தன. பெண்களுக்குத் திருமணங்கள் நடந்தன. உத்தியோகத்தின் மீதுள்ள மதிப்பு இவ்வாறு அனுபவத்திற் பிறந்தது.

எனினும், ஒவ்வொரு தலைமுறையிலும் நிரந்தர உத்தியோகத்தை விட்டுச் சொந்தத் தொழிலில் இறங்க எண்ணுவோர் இருந்தே வருகின்றனர். அவர்களிற் பலருடைய கண் முதலில் லொறியின் மீது விழுகின்றது. இதற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலை அமைக்கக் காணியும் கட்டிடமும் வேண்டும். கடை நடத்தச் சந்தியில் இடமும் நெடுநாள் வாடிக்கையும் வேண்டும். லொறிக்கோ ஒரு வாகனமும் அதனை ஓட்டத் தெரிந்த ஒருவரும் போதும் போலத் தோன்றுகின்றது. இலங்கையில் 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானபோதும், சரக்கேற்றும் லொறிகள் தனியார் கையிலேயே விடப்பட்டன. ஆதலால் ஒற்றை லொறி வைத்திருக்கும் சிறு முதலாளிக்கு இத்துறையில் என்றும் இடம் இருந்துவந்துள்ளது. நுழைவது எளிது, நிலைப்பதே அரிது. அந்த அருமை எங்கே இருக்கின்றது என்பதை ஆராய்வதே இங்கு நோக்கமாகும்.

உத்தியோகத்தைத் துறந்து போக்குவரத்துத் தொழிலிற் பெரும்புகழ் பெற்றவர்களுக்குத் தமிழருள்ளேயே சான்று உண்டு. ரி. வி. சுந்தரம் ஐயங்கார் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கி, இந்தியப் புகையிரதத்திலும் பின்னர் ஒரு வங்கியிலும் பணியாற்றி, அதனை விட்டு 1912ஆம் ஆண்டளவில் மதுரையில் பஸ் சேவையைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த நிறுவனத்தின் பெயர் இன்றும் இந்தியாவின் வீதிகளிற் காணப்படுகின்றது. இத்தகைய வரலாறுகள் ஊக்கம் தருவன. ஆயினும் வென்றவனின் கதையே செவிக்கு எட்டுகின்றது. தவணை கட்ட இயலாது லொறியைப் பறிகொடுத்தவனின் கதை அவனுடைய வீட்டுப் படலையைத் தாண்டுவதில்லை. ஆகவே கதையைக் காட்டிலும் கணக்கே நம்பத்தக்க வழிகாட்டி.

கணக்கின் முதல் வரி, விட்டுச் செல்வது எவ்வளவு என்பதாகும். சம்பளம் என்பது மாதந்தோறும் கையில் வாங்கும் தொகை மாத்திரமன்று. தனியார் துறை ஊழியருக்கு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதி உண்டு. ஊழியர் நூற்றுக்கு 8 செலுத்தத் தொழில்தருநர் 12 செலுத்துகின்றார். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் நூற்றுக்கு 3 சேர்கின்றது. ஆக, 90,000 ரூபா சம்பளம் பெறுபவரின் பெயரில் தொழில்தருநர் மாதந்தோறும் 13,500 ரூபாவை அவர் அறிந்தும் அறியாமலும் சேர்த்துவருகின்றார். உத்தியோகத்தை விட்ட மறுநாளே அது நின்றுபோம்.

சேமலாப நிதியிலுள்ள பணத்தை எடுத்து லொறி வாங்கிவிடலாம் என்று எண்ணுவோர் உளர். அது பெரும்பாலும் இயலாத காரியம். அந்நிதி பொதுவாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலுமே கைக்கு வரும். வேலையை விட்டமை மட்டும் அதனைப் பெறப் போதிய காரணம் ஆகாது. பணிக்கொடை அவ்வாறன்று. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலைசெய்யும் நிறுவனத்தில் ஐந்தாண்டு நிறைவுசெய்தவர், ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் பெற உரியவர். இறுதியாக 90,000 ரூபா சம்பளம் பெற்றுப் பதினைந்து ஆண்டு சேவையின் பின் விலகுபவருக்கு 675,000 ரூபா வரும். லொறியின் விலைக்கு முன்னால் இது சிறு தொகையே.

அரச ஊழியரின் நிலை வேறு. அவருக்கு ஓய்வூதியமே பெருஞ் சொத்து. ஓய்வுபெறுதல் ஒன்று, பதவி துறத்தல் மற்றொன்று. துறப்பவர் பொதுவாக ஓய்வூதிய உரிமையையும் இழக்கின்றார். எனவே விலகற் கடிதத்திற் கையொப்பமிடுமுன், தமக்குரிய விதி யாது என்பதைத் திணைக்களத்தில் எழுத்து மூலம் அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறை பெறுவதற்கு வழிசெய்யும் சுற்றறிக்கை வெளியாயிற்று. இத்தகைய வழி திறந்திருக்குமாயின், கதவை அடைத்துவிட்டுப் போவதைக் காட்டிலும் சாத்திவிட்டுப் போவதே அறிவுடைமை.

அடுத்தது முதல். ஐந்து தொன் பாரமேற்றக்கூடிய பாவித்த லொறி ஒன்றின் விலை 50 இலட்சம் ரூபா எனக் கொள்க. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே பரவலாக மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், இடைப்பட்ட காலத்திற் பழைய வாகனங்களின் விலையும் மிக ஏறியது. எனவே இவ்விலையும், இனி வரும் விலைகளும் விளக்கத்துக்காக எடுத்த எண்களே; இவற்றின் இடத்திலே தத்தம் எண்களை இட்டுப் பார்த்தல் வேண்டும். கணக்கின் முறை மாறாது.

கையிலிருந்து 15 இலட்சம் கொடுத்து, எஞ்சிய 35 இலட்சத்தை ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வட்டியில் நான்கு ஆண்டுத் தவணைக் குத்தகைக்குப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 102,800 ரூபா ஆகும். நாற்பத்தெட்டு மாதமும் கட்டி முடிக்கும்போது செலுத்திய தொகை 49 இலட்சத்து 35 ஆயிரம். வாங்கியதோ 35 இலட்சம். இக்குத்தகை முறை 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்கீழ் நடைபெறுவது. கடைசித் தவணை முடியும் வரை வாகனத்தின் முழு உரிமை நிதி நிறுவனத்துக்கே உரியது. பதிவுப் புத்தகத்திலும் அதன் பெயரே முழு உரிமையாளர் என்று இருக்கும். லொறியின் முகப்பிலே பிள்ளையின் பெயரை எழுதிவிடலாம். தவணை தவறினால் அந்தப் பெயரோடே லொறி போய்விடும்.

கையிலிருந்து கொடுக்கும் 15 இலட்சம் எங்கிருந்து வருகின்றது என்பது இன்னொரு கேள்வி. பணிக்கொடை, சீட்டுக்காசு, மனைவியின் நகை, சிலவேளை வீட்டுக் காணியின் உறுதி என்பவற்றிலிருந்தே அது சேர்கின்றது. லொறித் தொழிலில் நட்டமடைவதும் வீட்டை இழப்பதும் ஒன்றல்ல. முன்னையதிலிருந்து ஒருவன் ஐந்தாண்டில் எழலாம். பின்னையதிலிருந்து அவனுடைய பிள்ளைகளுக்கும் எழுதல் அரிதாகலாம். ஆதலால் குடியிருக்கும் வீட்டின் உறுதியை ஈடு வையாதிருத்தல் இத்தொழிலின் முதல் விதியாகக் கொள்ளத் தக்கது.

இனி ஓட்டக் கணக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஒரு நடை போய்வர 800 கிலோமீற்றர். லீற்றருக்கு ஐந்து கிலோமீற்றர் ஓடும் லொறிக்கு 160 லீற்றர் டீசல் வேண்டும். லீற்றர் 300 ரூபா எனக் கொண்டால் 48,000 ரூபா. ஆறு ரயர்களும் 50,000 கிலோமீற்றர் உழைக்கும் என்றும், ஒரு ரயர் 60,000 ரூபா என்றும் வைத்தால், கிலோமீற்றருக்கு 7 ரூபா 20 சதம். ஒரு நடைக்கு 5,760 ரூபா. எண்ணெய் மாற்றுதல், பிரேக், சிறு பழுது என்பவற்றுக்குக் கிலோமீற்றருக்கு 10 ரூபாவாக 8,000. சாரதிக்கும் உதவியாளருக்கும் 15,000. ஏற்றுகூலியும் சில்லறைச் செலவும் 3,240. எல்லாம் சேர்ந்து ஒரு நடைக்கு 80,000 ரூபா ஆகின்றது.

லொறி ஓடினாலும் நின்றாலும் கட்டவேண்டிய செலவு வேறு. தவணை 102,800, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, தகுதிச் சான்றிதழ் என்பவற்றுக்கு மாதம் 17,200, இயந்திரம் போன்ற பெரும் பழுதுக்கு ஒதுக்கவேண்டியது 20,000. ஆக 140,000 ரூபா. இதனுடன், விட்டுவந்த சம்பளமாகிய 90,000 ரூபாவும் வீட்டுக்குச் சேர வேண்டும். அது சேராவிடின் உத்தியோகத்தை விட்டதனாற் பயன் யாது? எனவே நடைச் செலவு போக மாதம் 230,000 ரூபா மிஞ்சினாலே ஒருவர் பழைய நிலையில் நிற்கின்றார். அதற்கு மேல் வருவதே இலாபம்.

இப்போது வருவாயைப் பார்க்கலாம். வெங்காயமும் வாழைக்குலையும் ஏற்றிக் கொழும்பு செல்லும்போது 75,000 ரூபா கூலி கிடைக்கின்றது எனக் கொள்க. திரும்பும்போது எதுவும் ஏற்றாது வெறுமையாக வந்தால், பாரமின்மையால் இருபது லீற்றர் டீசல் மிச்சமாகி நடைச் செலவு 74,000 ஆகலாம். மிஞ்சுவது ஆயிரம் ரூபா. மாதச் செலவான 140,000 ரூபாவை இதனாற் கட்ட நூற்று நாற்பது நடை வேண்டும். மாதத்தில் அத்தனை நாளே இல்லை. திரும்பும்போது அரை லொறி சாமான் கிடைத்து 35,000 ரூபா வந்தால், ஒரு நடையில் 30,000 மிஞ்சும். பழைய நிலையில் நிற்க மாதம் எட்டு நடை வேண்டும். முழு லொறி சீமெந்தோ சீனியோ மாவோ கிடைத்து 65,000 வந்தால், 60,000 மிஞ்சும். நான்கு நடையே போதும்.

இந்த மூன்று நிலையிலும் வாகனம் ஒன்றே, சாரதி ஒருவரே, வீதியும் ஒன்றே. வேறுபாடு திரும்பும்போது ஏற்றும் பாரத்தில் மட்டுமே இருக்கின்றது. லொறித் தொழிலின் உயிர்நிலை இதுவே. புதிதாக வருபவர் போகும் சரக்கைத் தேடுகின்றார். பழகியவர் வரும் சரக்கை முதலிற் பேசிக்கொண்டு பின்னரே போகும் சரக்கை ஏற்றுகின்றார். கொழும்பு மொத்த வியாபாரிகளிடமும், 1999இல் அமைந்த தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலும் அறிமுகம் உள்ள ஒருவருக்கு, அந்த அறிமுகமே லொறியின் விலைக்கு ஒப்பான முதல். உத்தியோகத்தில் இருக்கும்போதே விடுமுறை நாட்களில் இவ்விடங்களுக்குச் சென்று பழகுதல், பின்னர் ஆறு மாத நட்டத்தைத் தவிர்க்கும்.

மாதம் எட்டு நடை என்பது தாளில் எளிது. சரக்குச் சேரும் வரை காத்திருத்தல், இரவுப் பயணம், சந்தையில் இறக்குதல், திரும்பு பாரம் தேடுதல் என்பவற்றோடு ஒரு நடைக்கு மூன்று நாள் ஆகுமாயின், இருபத்துநான்கு நாள் அதிலே கழியும். எஞ்சிய நாட்களிற் பழுது பார்த்தல், ஓய்வு, திருவிழா, மழை எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே காத்திருக்கும் நேரமும் ஒரு செலவு. உலகக் கப்பற் போக்குவரத்தையே மாற்றிய மல்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர் இதனை நன்கு உணர்ந்தவர். வட கரோலினாவில் ஒரு பெற்றோல் நிலையத்திற் பணியாற்றிய அவர், 1934இல் ஒரு பழைய லொறியோடு தொழில் தொடங்கினார். 1937ஆம் ஆண்டு துறைமுகத்திலே பஞ்சுப் பொதிகளை இறக்குவதற்காக நாள் முழுவதும் காத்திருந்தபோது, லொறியின் பெட்டியை அப்படியே கப்பலில் ஏற்றிவிட்டால் என்ன என்ற எண்ணம் தோன்றியதாக அவரே பிற்காலத்திற் கூறினார். 1956ஆம் ஆண்டு ஏப்ரலில் 58 கொள்கலன்களோடு அவருடைய கப்பல் நியூயோர்க்கை அடுத்த நியூவாக் துறைமுகத்திலிருந்து ஹூஸ்ற்றனுக்குப் புறப்பட்டது. எல்லோருக்கும் அத்தகைய வாய்ப்புக் கிட்டாது. எனினும், நிற்கும் லொறி உழைப்பதில்லை என்பதை அவரிடமிருந்து யாவரும் கற்கலாம்.

கூலி கிடைத்துவிட்டது என்பதும் பணம் கைக்கு வந்துவிட்டது என்பதும் வேறு வேறு. "தம்பி, காசை அடுத்த நடையில் பார்ப்பம்" என்று வியாபாரி கூறுவது சந்தையில் அன்றாட வழக்கு. அவரும் தம் சரக்கைக் கடனுக்கே விற்றிருப்பார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால் டீசல் நிலையத்தில் எவரும் அடுத்த நடை வரை பொறுப்பதில்லை. ஒரு மாதக் கூலி பின்தங்கி வருமாயின், எட்டு நடைக்கும் நடைக்கு 80,000 வீதம் 640,000 ரூபாவைக் கைக்காசாக முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். லொறிக்கு முதற்பணம் கொடுத்ததோடு கையிருப்பு முழுவதும் தீர்ந்தவர், கணக்கில் இலாபம் இருந்தும் கையிற் காசின்றித் திண்டாடுவார். பல சிறு தொழில்கள் வீழ்வது நட்டத்தாலன்று, இந்த இடைவெளியாலேயே.

எண்ணெய் விலை முதலாளியின் கையில் இல்லை. 2022ஆம் ஆண்டு இதனைக் கசப்பாக உணர்த்தியது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல், மார்ச் நடுப்பகுதிக்குள் 176 ரூபாவாகவும், ஏப்ரலில் 289 ரூபாவாகவும், மே மாதம் 400 ரூபாவாகவும், ஜூன் இறுதியில் 460 ரூபாவாகவும் உயர்ந்தது. முன் கூறிய 160 லீற்றருக்கு மார்ச் தொடக்கத்தில் 19,360 ரூபா. ஜூன் இறுதியில் 73,600 ரூபா. அந்த விலைக்கும் டீசல் கிடையாது நாட்கணக்கில் வரிசையில் நின்ற லொறிகள் எத்தனையோ. அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே முறையில் ஏழு சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியமையால், புதிதாகக் கடன் பெறுவோரின் சுமையும் ஏறியது. ஆண்டுக் கணக்கில் ஒரே கூலிக்கு ஒப்பந்தம் செய்துகொண்டோரே அவ்வேளை மிகவும் அடிபட்டனர். டீசல் விலை ஏறினால் கூலியும் இவ்வளவு ஏறும் என்னும் ஒரு வாக்கியம் ஒப்பந்தத்தில் இருந்திருப்பின், பலர் தப்பியிருப்பர்.

செலவு நெருக்கும்போது முதலில் தோன்றும் ஆசை, அளவுக்கு மீறிப் பாரமேற்றுவதாகும். ஐந்து தொன் லொறியில் ஆறு தொன் ஏற்றினால் ஒரு தொன்னின் கூலி மிச்சம் என்று மனம் கணக்குப் போடும். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, சோதனை வீதிகள் அமைத்து அவற்றின் மீது லொறிகளை ஓயாது ஓட்டி ஆராய்ந்தனர். அச்சின் மீதுள்ள சுமை ஏறும்போது வீதிக்கு நேரும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்காக ஏறுவது அங்கே புலனாயிற்று. சுமை நூற்றுக்கு இருபது கூடினால் சேதம் இரு மடங்காகும் என்பது இதன் பொருள். வீதி பொதுச் சொத்து எனச் சிலர் கருதலாம். ஆயின் ரயரும் வில்லுத் தகடும் பிரேக்கும் சொந்தச் சொத்து. இறக்கத்திலே பிரேக் பிடிக்க மறுக்கும் கணத்தில், மிச்சம் பிடித்த கூலி எவருக்கும் உதவாது. விபத்தின்போது மிகைப் பாரம் இருந்ததாயின் காப்புறுதிப் பணம் பெறுவதிலும் தகராறு எழலாம்.

உத்தியோகத்தை விட்டவர் பெரும்பாலும் தாமே சாரதியாவார். அல்லது ஒரு சாரதியை அமர்த்துவார். தாமே ஓட்டுவதாயின் லொறிக்குரிய வகுப்பில் அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். கார் ஓட்டும் அனுமதி லொறிக்குச் செல்லாது. வேறொருவரை அமர்த்தினால், நேற்று வரை ஊழியராக இருந்தவர் இன்று தொழில்தருநர் ஆகின்றார். சேமலாப நிதிச் சட்டம் ஓர் ஊழியர் இருந்தாலும் செல்லும். தமக்கு முன்னர் எவர் 12ஐயும் 3ஐயும் செலுத்தினரோ, அவருடைய இடத்தில் இப்போது தாமே நிற்கின்றார். வேலையில் ஊழியர் காயமுற்றால் நட்டஈடு வழங்கும் பொறுப்பும் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி அவருக்கே உரியது. இரவிலே நானூறு கிலோமீற்றர் ஓட்டி வந்தவரை உறங்க விடாது மறுநடைக்கு அனுப்புதல் சிக்கனமன்று. வைகறையில் நேரும் ஒரு கண்ணயர்வு, லொறியோடு இரண்டு குடும்பங்களையும் சாய்த்துவிடும்.

வட பகுதியில் இத்தொழில் செய்வோர் வீதியையும் நிலையானது என்று எண்ணியிருக்க இயலாத காலங்கள் இருந்தன. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதி போர்க்காலத்தில் நெடிது மூடப்பட்டு, 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, 2009இல் மறுபடியும் திறக்கப்பட்டது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய புகையிரதப் பாதை 1990இல் நின்று, 2014 ஒக்டோபரிலேயே மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. வீதி மூடியபோது சில லொறிகள் முற்றத்தில் துருவேறின. சில குடாநாட்டுக்குள்ளேயே விறகும் மணலும் ஏற்றிப் பிழைத்தன. வீதி திறந்தபோது, தென்னிலங்கையிலிருந்து பெரிய லொறிகள் பெருந்தொகையாக வந்து போட்டியிட்டன. ஒரே வீதியையும் ஒரே சரக்கையும் ஒரே வியாபாரியையும் நம்பி நிற்றல் ஆபத்து என்பதே இவ்வரலாறு கற்பிப்பது.

இவ்வளவையும் கேட்ட ஒருவர், அப்படியாயின் லொறித் தொழிலே வேண்டாமா என வினவலாம். அவ்வாறன்று. முறையாக நடத்தியோர் இத்தொழிலால் வீடு கட்டியுள்ளனர்; பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பியுள்ளனர். அவர்களிடம் சில பொதுப் பண்புகள் காணப்படுகின்றன. முதலாவது, அவர்கள் லொறியை வாங்குமுன் சரக்கை வாங்கியவர்கள்; அதாவது, இரண்டு மூன்று வியாபாரிகளின் உறுதியைப் பெற்ற பின்னரே முதற்பணம் கொடுத்தவர்கள். இரண்டாவது, வெங்காயக் காலம், புகையிலைக் காலம், மாம்பழக் காலம் என ஆண்டைப் பகுத்து, சரக்கு மந்தமான மாதங்களுக்கு வளமான மாதங்களிலேயே ஒதுக்கி வைப்பவர்கள். மூன்றாவது, ஒவ்வொரு நடைக்கும் கொப்பியில் தனிப் பக்கம் வைத்திருப்பவர்கள். "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது உழவுக்குப் பொருந்தலாம். லொறிக்கு அது பொருந்தாது; இங்கே கணக்குப் பாராதவனுக்கே உழக்கும் மிஞ்சாது.

நான்காவது, அவர்கள் தமக்கென ஒரு சம்பளம் குறித்து, அதனை மட்டுமே வீட்டுக்கு எடுக்கின்றனர். லொறியின் காசையும் வீட்டின் காசையும் ஒரே சட்டைப் பையில் வைப்பவர், எது இலாபம் எது முதல் என்பதை அறியாமலே செலவிடுவார். தவணை முடிந்த மாதம் முதல் ஓர் இலட்சம் ரூபா மிச்சம் என மகிழ்தலும் இத்தகைய மயக்கமே. அந்நான்கு ஆண்டில் லொறி மூன்று இலட்சம் கிலோமீற்றர் வரை ஓடிக் களைத்திருக்கும். அடுத்த லொறிக்கான பணம் அந்த இலட்சத்திலிருந்தே சேர வேண்டும். சேராவிடின் அவர் இலாபத்தை உண்ணவில்லை. லொறியையே சிறிது சிறிதாக உண்கின்றார்.

உத்தியோகத்தை விடும் காலத்தைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளையின் பெரிய பரீட்சைக்கு முந்திய ஆண்டிலும், வீட்டில் நோயாளி இருக்கும் காலத்திலும், முந்திய கடன் தீராத நிலையிலும் இத்தகைய மாற்றத்தைச் செய்தல் நன்றன்று. ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே ஒதுக்கி, ஒரு மாதக் கைக்காசைத் தனியே ஒதுக்கி, அதன்பின் எஞ்சுவதையே லொறிக்கு முதற்பணமாகக் கொள்ள வேண்டும். அது போதாதாயின் இன்னும் சிறிய வாகனத்தை நாடலாம்; அல்லது மேலும் ஈராண்டு பொறுக்கலாம். இக்கணக்கை வீட்டிலுள்ளோர் முன்னிலையில் விரித்துக் காட்டுதலும் வேண்டும். சம்பளம் நிற்கும்போது முதலில் அதனை உணர்வது அடுப்படி. நகையைக் கழற்றிக் கொடுப்பவருக்கு, எத்தனை நடையில் அது மீளும் என்று அறியும் உரிமை உண்டு.

நிரந்தர உத்தியோகம் கோழைக்கு உரியது என்றும், சொந்தத் தொழில் வீரனுக்கு உரியது என்றும் பிரித்துப் பேசுதல் பிழை. உத்தியோகத்தில் ஆபத்தைத் தொழில்தருநர் சுமக்கின்றார். அதற்கு விலையாக இலாபத்தையும் அவரே எடுக்கின்றார். சொந்தத் தொழிலில் இரண்டும் ஒருவர் தோளிலேயே ஏறுகின்றன. அந்தச் சுமையின் நிறையை முன்னரே நிறுத்துப் பார்த்து, தம்மால் இயலும் எனக் கண்டவர் துணிந்து ஏற்றலாம். இயலாது எனக் கண்டு உத்தியோகத்திலேயே தொடர்பவரும் தோற்றவரல்லர். ஐந்து தொன் லொறியில் ஐந்து தொன்னே ஏற்றியவர் அவர்.